கீழ்த்தோட்டம் யாருடையது: கோத்தகிரிப் பக்கத்து ஒரு பாகப்பிரிவினை

"மகன் உயிரோடு இருக்கும்போது மகன் வழிப் பேத்திக்குப் பங்கு கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஷரீஅத் சொல்கிறது."

2023 நவம்பரில், மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மஹல்லா ஜமாஅத்தின் மேல்மாடி அறையில் அந்தக் குடும்பத்தின் கடைசி மகன் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். எதிரே அவருடைய காலஞ்சென்ற அண்ணனின் மனைவி, இரண்டு மகள்களோடு அமர்ந்திருந்தார். நான் அந்தப் பெண்ணின் வழக்கறிஞராகப் போயிருந்தேன். அந்த அறையில் ஒரு பெண் வழக்கறிஞர் உட்கார்ந்து பேசுவது அதுவே முதல் முறை என்று ஜமாஅத்தின் நிர்வாகியான முத்தவல்லி சொன்னார். வரவேற்றுத்தான் சொன்னார்.

கடைசி மகன் சொன்ன வாக்கியத்தில் பிழையில்லை. ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிக்கி, ஹம்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளும் (சட்டப் பிரிவுகளும்) அதில் ஒரே குரல். அடுத்த மூன்று மாதங்களில் ஐந்து முறை கூடினோம். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் சட்டம் சொல்லியிருப்பதை வாசிக்கவே அத்தனை அமர்வுகளும் தேவைப்பட்டன. அடையாளம் தெரியாமலிருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சட்டக் கேள்விகளையும் கணக்கையும் மாற்றவில்லை.

குடும்பமும் சொத்தும்

பெரியவர் ராவுத்தர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்து பலசரக்குக் கடை வைத்தவர். கடைக் கட்டடம், வீடு, கடைவீதிக்கு மேலே 100 சென்ட் தேயிலை, ஓடைக்கு அருகே 80 சென்ட் தேயிலை. நான்குக்கும் பத்திரம் அவர் பெயரில். மேலே இருப்பதை மேல்தோட்டம் என்றும் ஓடைக்கரையில் இருப்பதைக் கீழ்த்தோட்டம் என்றும் வீட்டில் சொல்வார்கள்.

மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவர் சவூதியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். கூடலூர்ப் பக்கத்து மாப்பிள்ளை (மலையாள முஸ்லிம்) குடும்பத்தில் பெண் எடுத்தார்கள். 2014-இல் மாரடைப்பில் அவர் இறந்தபோது மகள்களுக்கு 9 வயதும் 6 வயதும். பெரியவரும் அவர் மனைவியும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்கள் இருந்ததுதான் பின்னால் கணக்கைத் தீர்மானித்தது. பெரியவர் 2021-இல் இறந்தார்.

மூத்தவர் இறந்த பிறகு எதுவும் பிரிக்கப்படவில்லை. "எல்லாம் அத்தா பெயரில்தானே இருக்கிறது, பிரிக்க என்ன இருக்கிறது?" என்று வீட்டில் கேட்டார்கள். மலையில் நான் பார்த்த பெரும்பாலான முஸ்லிம் வீடுகளில் இதே பேச்சுதான். தகப்பனார் பெயரில் எல்லாவற்றையும் வைத்து, கூட்டுக் குடும்பமாக உழைத்து, கூட்டாகச் சாப்பிடுவார்கள். ஆனால் இஸ்லாமியச் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற ஒன்று இல்லை. பிறப்பால் வரும் பங்கும் இல்லை. ஒவ்வொருவர் சொத்தும் அவரவருடையது. ஒருவர் இறந்த அந்தக் கணத்தில் அது அவருடைய வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு வழக்கப்படி வாழ்ந்துவிட்டு, சாவு விழுந்ததும் ஷரீஅத்தைத் தேடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் முதலில் விழுவது அநாதைப் பிள்ளைகள்.

விதவை ஏழு ஆண்டுகள் மாமனார் வீட்டிலேயே இருந்தார். கீழ்த்தோட்டத்தில் கொழுந்து பறித்தார், கவாத்துக்கு ஆள் வைத்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மாமனார் இறந்த இரண்டாம் ஆண்டு, தோட்டத்தை விற்கப்போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார்.

ஒரு தெருவில் மூன்று சட்டம்

மூத்த பேத்திக்கு அப்போது 18 வயது, வணிகவியல் முதலாண்டு. முதல் அமர்வு முடிந்து படியிறங்கும்போது என்னிடம் கேட்டாள்: "என் தோழி வீட்டில் இப்படி நடந்தால் அவளுக்குக் கிடைக்கும் அல்லவா? எனக்கு மட்டும் ஏன் இல்லை?"

அவள் தோழி படகர் வீட்டுப் பெண். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனுக்கு முன்னால் இறந்த மகனின் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். அதே கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அங்கும் இறந்த மகனின் இடத்தில் பேரப்பிள்ளைகள் நிற்பார்கள். இவள் வீட்டுக்கு 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். அந்தச் சட்டம் வந்தபோது விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆகவே நீலகிரித் தேயிலைக்கும் ஷரீஅத்தே பொருந்தும்.

அவளுக்கு நான் அன்று சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. நெருங்கிய உறவு தூரத்து உறவை மறைக்கும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை விதி. மகன் இருந்தால் மகனின் பிள்ளைகள் மறைக்கப்படுகிறார்கள். அந்த விதிக்கு ஒரு துணையும் உண்டு. ஹனஃபி சட்டத்தில், வசதியுள்ள உறவினர் தமக்கு மணமுடிக்கத் தகாத நெருக்கத்தில் இருக்கும் ஏழை உறவினரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையின் அளவு வாரிசுப் பங்கின் அளவைத் தொடர்ந்து வரும். சிற்றப்பா சொத்தை எடுத்தால் அண்ணன் பிள்ளைகளின் சோறும் படிப்பும் அவர் தலையில் ஏறும். 2014 முதல் அந்தப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைக் கட்டியது யார் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். பதில் வரவில்லை.

அண்ணன் பிள்ளைகளுக்குச் சட்டம், தங்கைக்கு வழக்கம்

இரண்டாம் அமர்வில் மார்க்க அறிஞரான ஹஜ்ரத் கரும்பலகையில் பெரியவரின் வாரிசுக் கணக்கைப் போட்டார். வேலூர் பாக்கியாத்தில் ஓதிய பாகவி அவர். நிதானமானவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவர். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற கணக்கில். 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு 14, மகளுக்கு 7.

"தங்கைக்கு எதற்கு? கல்யாணத்தில் நகையும் சீரும் செய்து அனுப்பிவிட்டோமே" என்றார் கடைசி மகன். வெகு இயல்பாகச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஊரில் எல்லோரும் சொல்வதைச் சொன்னார்.

எனக்கு அப்போது கோபம் வந்தது, மறைக்கவும் இல்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் எதற்காக வந்தது? மகளுக்குப் பங்கு தராத ஊர் வழக்கங்களை ஒதுக்கிவிட்டு, குர்ஆன் தந்த பங்கைத் தருவதற்காக. அண்ணன் பிள்ளைகள் என்று வந்தால் ஷரீஅத்தின் எழுத்து மாறக்கூடாது, தங்கை என்று வந்தால் சீர் கொடுத்த வழக்கமே போதும் என்றால், இரண்டு இடத்திலும் வெல்வது சொத்தைக் கையில் வைத்திருப்பவர்தான். இதை அந்த வார்த்தைகளிலேயே சொன்னேன். முத்தவல்லி என்னைத் தடுக்கவில்லை. மூலையில் இதுவரை பேசாமல் இருந்த தங்கை எழுந்து, "ஹஜ்ரத் எழுதிய 7 எனக்கு வேண்டும்" என்றார். அதோடு வழக்கின் போக்கு மாறியது. முழுச் சட்டத்தையும் வாசிக்கச் சொல்ல இப்போது விதவையோடு இன்னொருவரும் இருந்தார்.

கடன் கொடுத்தவர் வாரிசுக்கு முந்தியவர்

முழுச் சட்டம் என்றால் வரிசை. இறந்தவரின் அடக்கச் செலவு முதலில். பிறகு கடன். பிறகு மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத், அதாவது உயில். எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பங்குகளைச் சொல்லும் இடங்களில் "வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. நம் வீடுகளில் நேராக நான்காம் படிக்குத் தாவிவிடுகிறோம்.

2010-இல் கடைக் கூரை இடிந்தபோது மருமகளின் 6 பவுன் நகையைப் பெரியவர் வாங்கி அடகு வைத்தார். நகை மூழ்கிப்போனது. திருமணத்தால் பெண்ணின் சொத்து கணவனிடமோ மாமனாரிடமோ கரைந்துவிடுவதில்லை என்பது இந்தச் சட்டத்தின் மிக உறுதியான பகுதிகளில் ஒன்று. ஆகவே அந்த நகை பெரியவர் பட்ட கடன். மருமகள் மாமனாருக்கு வாரிசல்ல. ஆனால் கடன் கொடுத்தவர் என்ற முறையில் எல்லா வாரிசுகளுக்கும் முன்னால் நிற்கிறார். நீதிமன்றத்தில் காலவரம்புச் சட்டம் குறுக்கே வரும். மார்க்கத்தில் கடனுக்குக் காலாவதி கிடையாது.

2010-இன் விலையா, இன்றைய விலையா என்று கேள்வி எழுந்தது. பவுனுக்குப் பவுன் என்றார் ஹஜ்ரத். கடனாக வாங்கியது பொன்னாக இருந்தால் அதே எடைப் பொன்னைத் திருப்புவதே கடமை. இங்கே கடைசி மகன் எதிர்க்கவில்லை. கடன் தீரும்வரை இறைநம்பிக்கையாளரின் உயிர் அதில் தொங்கிக்கொண்டிருக்கும் என்ற நபிமொழியை ஹஜ்ரத் சொன்னபோது அவர் கண் கலங்கியது. "அத்தாவுக்கு அந்தப் பாரம் வேண்டாம்" என்றார். கடை வருமானத்திலிருந்து இரண்டு தவணையாக 6 பவுனும் திரும்பியது. அவரைக் கல்மனம் என்று யாரும் எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே இதைப் பதிகிறேன்.

இறந்தவருடைய சொத்து எது?

பேத்திகளுக்குத் தாத்தாவிடமிருந்து என்ன கிடைக்கும் என்பதே ஜமாஅத் கமிட்டிக்கு வந்த கேள்வி. அதற்கு விடை: ஒன்றுமில்லை. இரக்கத்தின் பேரில் ஏதாவது கொடுக்கலாம் என்றது கமிட்டி. பாகப்பிரிவினையின்போது உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள் என்ற குர்ஆனின் 4:8 வசனத்தைக் கமிட்டியில் ஒருவர் ஓதினார். விதவை மெதுவாகப் பேசுபவர். அன்று குரல் உயர்ந்தது. "எனக்கு இரக்கம் வேண்டாம் ஹஜ்ரத். கணக்குப் பாருங்கள். கீழ்த்தோட்டம் என் கணவர் காசு."

இந்த வழக்கின் மையக் கேள்வி இதுதான். அதை அவர்தான் எழுப்பினார், நான் அல்ல. தாத்தா சொத்தில் பேத்திக்கு என்ன என்று கேட்பதற்கு முன், 2014-இல் இறந்த மகனுக்குச் சொந்தமாக என்ன இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் அதை யாரும் கேட்கவில்லை.

மூன்று சான்றுகள் கிடைத்தன. சவூதியிலிருந்து பணம் அனுப்பிய வங்கிச் சீட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பத்திரம் பதிவான மாதத்துக்கு முந்தைய மாதங்களில் தொகை கூடியிருந்தது. இரண்டாவது, பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலையின் இலைக் கணக்கு. மேல்தோட்டத்து இலை பெரியவர் பெயரிலும், கீழ்த்தோட்டத்து இலை முதல் பறிப்பிலிருந்தே மூத்த மகன் பெயரிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. பணமும் தனித்தனியாகத்தான் போயிருக்கிறது. மூன்றாவது, நிலத்தை விற்ற படகர் பெரியவர். பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டியவர். "ராவுத்தர் மகன் விடுப்பில் வந்திருந்தான். பணத்தை அவன் கையால் எண்ணிக் கொடுத்தான். மறுபடி ஊருக்குப் போகவேண்டும், எழுத்து வேலைக்கு இருக்க முடியாது, அத்தா பெயரிலேயே எழுதிவிடுங்கள் என்றான்" என்றார்.

கமிட்டியில் ஒருவர் தயங்கினார். முஸ்லிம் குடும்பத்தின் சொத்து விவகாரத்தில் முஸ்லிம் அல்லாதவரின் சாட்சியை ஏற்கலாமா? பழைய ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) நூல்கள் பொதுவாக ஏற்பதில்லை என்பது உண்மை. அந்தக் கேள்வியை அவமதிப்பு என்று தள்ளாமல் எடுத்துப் பேசினோம். பயணத்தில் மரணம் நெருங்கினால் வஸிய்யத்துக்கு "உங்களைச் சேராத வேறு இருவர்" சாட்சியாகலாம் என்று 5:106 சொல்கிறது. ஹம்பலி மத்ஹப் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டது. உண்மையை வெளிப்படுத்தும் எதுவும் பய்யினா, அதாவது சான்றுதான், அது இரண்டு சாட்சிகள் என்ற எண்ணிக்கைக்குள் அடங்கியதல்ல என்று 14-ஆம் நூற்றாண்டில் அறிஞர் இப்னுல் கய்யிம் வாதிட்டார். ஹஜ்ரத் அதைச் சொல்லிவிட்டு, "இந்த மலையில் நமக்கு நிலம் விற்றவர்களும், நம் இலையை எடைபோடுபவர்களும், நம் பத்திரத்தை எழுதுபவர்களும் யார்? அவர்கள் சொல் செல்லாது என்றால் நாம் வாங்கிய எந்த நிலமும் நம்முடையது என்று நிரூபிக்க முடியாது" என்றார். படகர் பெரியவரை நாற்காலி போட்டு அமர வைத்தார்கள். அவர் வந்துபோன பிறகு அந்தச் சான்றை யாரும் மறுக்கவில்லை.

"பிள்ளைகளுக்கு" என்ற ஒரு சொல்

பெரியவர் கடைசி நாட்களில் "கீழ்த்தோட்டம் பிள்ளைகளுக்கு" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் மனைவியும் மகளும் சாட்சி. வாய்மொழி வஸிய்யத் இஸ்லாமியச் சட்டத்தில் செல்லும். வாரிசல்லாத பேத்திகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்குள் எழுதி வைக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் பிள்ளைகள் என்றால் யார்? "பெற்ற பிள்ளைகள், நாங்கள்தான்" என்றார் கடைசி மகன். பாட்டி மறுத்தார். பெற்ற மகன்களை அவர் பையன்கள் என்றே சொல்வாராம். பிள்ளைகள் என்றால் எப்போதும் அந்த இரண்டு சிறுமிகள்தானாம்.

தமிழில் அந்தச் சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. அரபு நூல்களில் விடை தேடிப் பயனில்லை. அந்த வீட்டில் அந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்பதே பொருள். ஹனஃபி அறிஞர்கள் நேர்ச்சைகளுக்கும் சத்தியங்களுக்கும் பொருள் கொள்ளும்போது ஊரின் பேச்சு வழக்கைத்தான் அளவுகோலாக எடுத்தார்கள். ஆனாலும் வஸிய்யத்தாக நிறுவுவதற்கு இது போதாது என்று கமிட்டி நினைத்தது. எனக்கு வேறொன்று தோன்றியது, அதைச் சொன்னேன். மேல்தோட்டத்தையோ கடையையோ பற்றி அவர் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. கீழ்த்தோட்டத்தைப் பற்றி மட்டும் சொன்னார். தம்முடையதைக் கொடுக்கும் மனிதரின் பேச்சாக அது எனக்குப் படவில்லை. தம்மிடம் இருக்கும் பிறர் பொருளை உரியவரிடம் சேர்க்கச் சொல்பவரின் பேச்சு அது. அதற்கு வஸிய்யத் என்று பெயரில்லை, இக்ரார் என்று பெயர். ஒப்புக்கொள்ளல். ஹஜ்ரத் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றார்.

24 எப்படி 27 ஆனது

கீழ்த்தோட்டம் மூத்த மகனுடையது என்றால் 2014-இல் அவருக்கு யார் வாரிசு? மனைவி, இரண்டு மகள்கள், தந்தை, தாய். ஹஜ்ரத் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். பிள்ளை இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இரண்டு மகள்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தந்தைக்கு ஆறில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. 24 பங்காக்கினால் 3, 16, 4, 4. மூத்த பேத்தி வாய்க்குள் கூட்டிவிட்டு, "ஹஜ்ரத், 27 வருகிறது" என்றாள். கமிட்டியில் ஒருவர், கணக்குத் தவறு என்றார்.

ஹஜ்ரத் சிரித்தார். தவறு இல்லை, இது மிம்பரிய்யா. நான்காம் கலீஃபா அலி அவர்கள் மிம்பர் எனும் பள்ளிவாசல் மேடையில் நின்று சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தபோது இதே ஐந்து உறவுகளோடு ஒருவர் கேட்டார். பேச்சை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "அவளுடைய எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது." 24 பங்கை 27 ஆக்கி எல்லோருக்கும் விகிதப்படி குறைப்பது. இதற்கு அவ்ல் என்று பெயர்.

மதரஸாவில் மனப்பாடம் செய்யும் இந்த மஸ்அலா (சட்டக் கணக்கு), கோத்தகிரிப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில் உறவு மாறாமல் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. குர்ஆன் தந்த பின்னங்களைக் கூட்டினால் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேல் போகிறது. அப்போது என்ன செய்வதென்று வசனத்தில் இல்லை. கலீஃபா உமர் காலத்தில் நபித்தோழர்கள் கலந்தாலோசித்து இந்த வழியைக் கண்டார்கள். அவர்களில் ஒருவரான இப்னு அப்பாஸ் உடன்படவில்லை. தலைமுறை மாறுவதற்குள்ளேயே விளக்கமும் கருத்து வேறுபாடும் தொடங்கிவிட்டன. இந்தச் சட்டத்தில் மனித யோசனைக்கு இடமே இல்லை என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த 27-ஐத்தான்.

80 சென்டை 27 பங்காக்கினால் விதவைக்கும் மகள்களுக்கும் சேர்த்து 19 பங்கு, அதாவது சுமார் 56.3 சென்ட். தந்தை தாய்க்கு ஆளுக்குச் சுமார் 11.9. பேத்திகளுக்கு ஒன்றுமில்லை என்று தொடங்கிய பேச்சு, புதிய சட்டம் எதையும் கொண்டுவராமல், பத்தில் ஏழு பங்குக்கு வந்து சேர்ந்தது.

ஒப்புக்கொண்டவர்களும் ஒப்பாதவரும்

ஜமாஅத்தின் முடிவு யாரையும் கட்டாயப்படுத்தாது. ஃபத்வாவுக்கும் தாருல் கழா என்ற ஷரீஅத் மன்றத்தின் தீர்ப்புக்கும் சட்ட வலு இல்லை, விரும்பினால் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போயிருந்தால்? 1988-ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டம் குறுக்கே நின்றிருக்கும். ஒருவர் பெயரில் பத்திரமும் இன்னொருவர் பணமும் என்ற கோரிக்கைக்கு அது விட்டிருக்கும் வழி மிகக் குறுகியது. மகன் வெளிநாட்டில் இருந்ததால் தந்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் ஆகும். ஆகவே குடும்ப ஏற்பாடு என்ற வழியை எடுத்தோம். தகராறில் இருக்கும் உரிமைகளை உறவினர் நல்லெண்ணத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளை நீதிமன்றங்கள் மதிக்கின்றன.

பாட்டி ஒப்புக்கொண்டார். இரண்டாவது மகன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். தங்கை ஒப்புக்கொண்டார். கடைசி மகன் ஒப்பவில்லை. "சான்று இருக்கலாம். அத்தா வாயால் எனக்குச் சொல்லவில்லை" என்றார். மற்ற மூவரும் ஒப்புக்கொண்டதும் இக்ரார்தான்; இக்ரார் செய்தவரை மட்டுமே அது கட்டும், இன்னொருவர் தலையில் ஏற்ற முடியாது என்பதும் ஃபிக்ஹின் விதிதான். எங்களுக்குச் சாதகமான விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ள நாங்கள் வரவில்லை. தந்தை சொத்து என்று வைத்தால் அவருக்கு வரும் 40-இல் 14 பங்கு, 28 சென்ட், அவரிடமே நின்றது. மற்ற மூவரும் தங்கள் 52 சென்டையும், மகனுக்குத் தாய் என்ற முறையில் பாட்டிக்குச் சேரவேண்டியது உட்பட, விதவைக்கும் மகள்களுக்கும் விட்டார்கள். கணக்குப்படி சேரவேண்டிய 56.3-இல் 4.3 சென்ட் குறைவு.

பத்திர எழுத்தர் வரைவில் தானம் என்று எழுதியிருந்தார். விதவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தார். "மாமி எனக்குத் தானம் கொடுக்கவில்லை. என் பிள்ளைகளுக்கு அவர்கள் அத்தாவிடமிருந்து வந்தது." பாட்டியும் தலையசைத்தார். உரிமைக் கோரிக்கையை ஏற்றுச் செய்துகொண்ட குடும்ப ஏற்பாடு என்று திருத்தி எழுதிப் பதிந்தோம்.

சட்டத்தில் இன்னும் இருக்கும் இடைவெளி

இந்தக் குடும்பத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூத்த மகன் சவூதிக்குப் போகாமல் தந்தையின் கடையிலேயே சம்பளமில்லாமல் உழைத்து இறந்திருந்தால்? வங்கிச் சீட்டும் இல்லை, இலைக் கணக்கும் இல்லை. கரும்பலகைக் கணக்கு பூஜ்யத்தில் முடிந்திருக்கும். அப்படி முடிந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

மற்ற முஸ்லிம் நாடுகள் இதை எதிர்கொண்டிருக்கின்றன. எகிப்து 1946-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டத்தில் கட்டாய வஸிய்யத்தைக் கொண்டுவந்தது. தாத்தா எழுதாமல் போனாலும், இறந்த பிள்ளையின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் பேரப்பிள்ளைகளுக்குச் சேரும். பெற்றோருக்கும் உறவினருக்கும் வஸிய்யத் செய்யச் சொல்லும் 2:180 வசனத்தையும், வாரிசாகாத நெருங்கிய உறவுக்கு வஸிய்யத் கடமை என்ற பழைய சட்ட அறிஞர் இப்னு ஹஸ்மின் கருத்தையும் அது அடித்தளமாகக் கொண்டது. சிரியாவும் மொரோக்கோவும் பின்னர் தத்தம் வடிவில் ஏற்றன. பாகிஸ்தான் 1961-இல் வேறு வழியில் போனது: இறந்த மகனோ மகளோ இருந்திருந்தால் பெறும் பங்கையே பேரப்பிள்ளைகளுக்குத் தந்தது. இந்த இரண்டில் எகிப்தின் வழியே எனக்கு உவப்பானது. வாரிசுப் பங்குகளின் கட்டமைப்பைத் தொடாமல், அதற்கு முந்தைய படியான வஸிய்யத்தில் அது வேலை செய்கிறது. இந்தியாவின் முஸ்லிம் தனிச் சட்டத்தில் இரண்டும் இல்லை. நம் ஜமாஅத்துகளே நிக்காஹ் புத்தகம் போல வஸிய்யத் புத்தகம் ஒன்றை வைத்து, மகனை இழந்த ஒவ்வொரு தகப்பனாரிடமும் போய், பேரப்பிள்ளைகளுக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்கலாம். ஹஜ்ரத்திடம் இதைச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை பயானில் (சொற்பொழிவில்) 4:9 வசனத்தை எடுத்தார்: பலவீனமான பிள்ளைகளை விட்டுப்போக நேர்ந்தால் தாம் எப்படி அஞ்சுவோமோ, அப்படி அஞ்சட்டும். தொழுகைக்குப் பிறகு மூன்று பேர் வஸிய்யத் எழுதுவது எப்படி என்று கேட்டுச் சென்றதாகச் சொன்னார்.

பத்திரத்தில் ஒரு பத்தியை மட்டும் நான் பிடிவாதமாகச் சேர்த்தேன். மூத்த பேத்தி தனக்காகக் கையெழுத்திட்டாள். இளையவளுக்கு அப்போது 15 வயது. மைனரின் உரிமையை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ சிற்றப்பாவோ விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே மீதி 28 சென்டில் அவளுக்கு இருக்கக்கூடிய கோரிக்கை விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று எழுதினோம். அவளுக்கு 2026-இல் 18 நிறைகிறது.

இப்போது கீழ்த்தோட்டத்தின் நடுவே அளவைக் கற்கள் நிற்கின்றன. ஓடைப் பக்கத்து 52 சென்டின் இலைக் கணக்கு விதவையின் பெயரில் போகிறது. பறிப்பு நாட்களில் கல்லுக்கு இந்தப் பக்கம் அவரும், அந்தப் பக்கம் கடைசி மகன் வைத்த ஆட்களும் பறிக்கிறார்கள். சாக்குகள் ஒரே பிக்கப் வண்டியில் தொழிற்சாலைக்குப் போகின்றன.